வெட்டுப்படாத தகடு

ஒரே இரும்புச் சுருளிலிருந்து இரண்டு தகடுகள் வந்தன; முதலில் வந்தது மூத்தது, அடுத்தது இளையது. மோட்டார் செய்பவர்கள் மூத்ததை வெட்டாமல் சோதனை மேசையில் வைத்து, சுற்றிலும் கம்பி சுற்றி மின்சாரம் விட்டார்கள். அது லேசாகத்தான் சூடானது. எல்லாத் தகடும் அவ்வளவுதான் சூடாகும் என்று கணக்குப் போட்டார்கள். இளையதை அச்சில் அடித்துப் பல் பல்லாக வெட்டி, மற்ற தகடுகளோடு இறுக்கி மோட்டாருக்குள் வைத்தார்கள்.

மோட்டார் கொதித்தது. கணக்கில் தப்பில்லை, தகடுதான் மட்டம், காயலான் கடைக்குப் போடலாம் என்று பேசினார்கள்.

"நானும் அதே சுருள்தானேடா? எனக்குச் சுடவில்லையே. உன் குணம் அப்படி" என்றது மூத்தது.

"உன்னை யாராவது வெட்டினார்களா, அண்ணே?"

"சாக்குச் சொல்லாதே."

தூக்கிப் போடுவதற்கு முன் அவர்களில் ஒருவருக்குச் சந்தேகம் வந்தது. மூத்ததையும் அதே அச்சில் அடித்துச் சோதித்தார். வெட்டிய விளிம்பில் இரும்பு நசுங்கிக் கெட்டதால் அதுவும் சுட்டது. கணக்கைத் திருத்தி, மோட்டாருக்குப் பெரிய விசிறி மாட்டினார்கள். மூத்ததையும் வீணாக்காமல் அதே அடுக்கில், தம்பிக்குப் பக்கத்தில் செருகினார்கள்.

மோட்டார் ஓடியது.

"என்னடா தம்பி, இப்படிச் சுடுகிறது?" என்று முனகியது மூத்தது.

"உன் குணம் அப்படி, அண்ணே" என்றது இளையது.