வெள்ளைக் கட்டையில் ஒரு பாட்டு

"இன்னும் மெள்ள மிதிங்க அண்ணன்," என்றாள் மங்கையற்கரசி டீச்சர்.

ஸ்டாண்ட் போட்ட சைக்கிளில் ஏறி வியர்த்து வழிய மிதித்துக்கொண்டிருந்த கனகசிங்கம் காலைத் தளர்த்தினார். டைனமோவின் உறுமல் தணிந்தது. அதிலிருந்து வயர் போன றெக்கோடரில் பாட்டும் இழுபட்டு இறங்கியது.

படுவான்கரை ஊர்களில் கரண்ட் இல்லை. பற்றரி கொண்டுவந்தால் ஆமிச் சென்றியில் பிடுங்கிவிடுவார்கள். பாட்டு வேண்டுமென்றால் யாராவது மிதித்தே ஆகவேண்டும்.

மிஷன் பள்ளிக்கூடத்துப் பழைய பியானோவின் முன்னால் கனகசிங்கத்தின் மனைவி கண்ணகை இருந்தாள். நாற்பது கடந்து பழக வந்தவள். நாற்று நட்டுக் காய்த்த விரல்கள் கறுப்புக் கட்டையில் நிற்கவே மாட்டோம் என்றன. வெள்ளைக் கட்டை மட்டும்தான்.

புதிதாய்ப் பழகுகிறவர்களுக்கென்று டீச்சரிடம் ஒரு இங்கிலீசுப் புத்தகம் இருந்தது. கண்ணகை அதைத் திறக்கவேயில்லை. கேட்டதெல்லாம் இந்த ஒரு சினிமாப் பாட்டு. ஊரே முணுமுணுத்த பாட்டுத்தான். ஆனால் அதற்குச் சுரம் எழுதிய தாள் டவுனில் ஒரு கடையிலும் இல்லை. கேட்டு எழுதினால்தான் உண்டு என்று கையை விரித்துவிட்டார் புத்தகக்கடைப் பதியுதீன்.

கேட்பதற்கும் இந்தக் கசட்தானாம். இரண்டு இடத்தில் அறுந்து ஒட்டிய நாடா. இன்னும் எத்தனை ஓட்டம் தாங்குமோ! அது முழுசாய்ப் போவதற்குள் பாட்டைத் தாளில் இறக்கிவிட வேண்டுமென்று கண்ணகை துடித்தாள். நல்ல கசட் ஒன்று வாங்கி வருகிறேன் என்று டீச்சர் சொன்னதற்கு ஒரேயடியாய் மறுத்துவிட்டாள். நல்ல பிடிவாதக்காரிதான்.

இத்தனைக்கும் அதில் பாடியது சினிமாப் பாடகரல்ல. யாரோ ஒரு பிள்ளையின் கீச்சுக்குரல். பாட்டு முழுக்கக் கறுப்புக் கட்டைகளிலேயே ஓடியது. சுருதி மாற்றி எழுத டீச்சருக்கு வராது. நாட்டில் பிரச்சினை தொடங்க, பாதியில் நின்றுபோன படிப்பு. பாட்டை மாற்ற முடியாவிட்டால் என்ன, மிதிக்கிற வேகத்தை மாற்றலாமே!

"மறுகா ஒருக்கா. இன்னும் மெள்ள."

இறங்கி இறங்கி, பாட்டு ஒருவழியாக வெள்ளைக் கட்டைகளில் வந்து குந்தியது. டீச்சர் மளமளவென்று எழுதினாள். இரண்டாம் சரணமும் முதலாவதின் மெட்டுத்தான், அதை எழுதத் தேவையில்லை.

"அப்பாடா, பிடிச்சாச்சு! நிப்பாட்டுங்க அண்ணன்."

கனகசிங்கம் நிறுத்தவில்லை.

மெதுவாக ஓடியதில் கீச்சுக்குரல் தடித்திருந்தது. மண்டபத்தில் இப்போது ஒரு இளந்தாரி பாடிக்கொண்டிருந்தான்.

கண்ணகை கைகளை மடியில் போட்டுவிட்டு றெக்கோடரையே பார்த்தாள்.

"எண்ட மகன இயக்கத்துக்குக் கொண்டு போகக்குள்ள பதின்மூண்டு வயசு டீச்சர். குரலும் உடையல்ல," என்றாள். "இப்ப பதினெட்டு."

டீச்சர் பென்சிலைக் கீழே வைத்தாள்.

வேகம் கூடிவிடாமல், குறைந்தும் விடாமல், கனகசிங்கம் மிதித்துக்கொண்டே இருந்தார்.