குதிரை வியாபாரி மகளின் கல்யாணம்

கல்யாணத்தில் இருந்தவர்கள்: குதிரை வியாபாரி, அவருடைய ஒரே மகள், சடங்கு நடத்தும் பெரியவர், சாட்சிக்குப் பிடித்து நிறுத்திய வண்டிக்காரர், வெள்ளைக் கையுறை போட்ட ஒரு பிரபு. பெரிய இடத்துச் சம்பந்தம், சின்னக் கூட்டம்.

அதற்கு முன்பே அப்பா கேட்டிருந்தார். "பிடிக்கலைன்னா இப்பவே சொல்லிடு. வந்த வண்டி வந்த வழியே போயிடும்." கேட்கும்போது மகளைப் பார்க்கவில்லை. கையிலிருந்த லாடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். பிரபு சேற்றில் இறங்கி, களைத்துப்போன வண்டிக்குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். கையுறை பாழாவதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை.

"சரிப்பா," என்றாள். அதுவரை வந்த வரன்களையெல்லாம் ஓட ஓட விரட்டியவள்.

சடங்கில் பிரபு நிமிர்ந்து நின்று உறுதிமொழி சொன்னார். "எங்கள் குடும்பத் தலைவர் இந்தப் பெண்ணை மனைவியாக ஏற்கிறார்."

"'நான்'னு சொன்னா நாக்கு சுளுக்கிக்குமோ?" என்று அவள் முணுமுணுத்தாள். பெரியவர் இருமினார். பிரபுவின் காது சிவந்தது.

பயணத்தில் வண்டிக்காரரைப் பின்னால் தள்ளிவிட்டு அவளே கடிவாளத்தைப் பிடித்தாள். பக்கத்தில் பிரபு உலக்கையை விழுங்கியவர் போல உட்கார்ந்திருந்தார். மழை வந்ததும் தன் மேலங்கியைக் கழற்றி, "போர்த்திக்குங்க" என்று அவள் தோளில் போட்டார், விரல் படாமல்.

"கட்டின பொண்டாட்டியை யாராவது 'வாங்க, போங்க'ன்னு கூப்பிடுவாங்களா?"

பிரபு திடுக்கிட்டு அவளைப் பார்த்தார். ஏதோ கேட்க வந்து விழுங்கிக்கொண்டார். "மரியாதை," என்றார்.

"மரியாதையை வெச்சுக் குளிர் காய முடியுமா? நேராவே கேக்கறேன். என்னைப் பிடிச்சிருக்கா?"

"அதை நான் சொல்லக் கூடாது."

"வேற யார் சொல்லணும்? உங்க குதிரையா?"

பிரபு சிரித்துவிட்டார். சிரித்தது தப்பு என்பது போல உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவளுக்கு அந்தச் சிரிப்பு போதுமாயிருந்தது. அப்பா, குதிரைகள், தெரிந்த தெரு எல்லாவற்றையும் விட்டு வருகிறாள். இனி இருப்பது இந்த ஒரு மனிதர்தான்.

மாளிகையில் வரவேற்க ஆள் இல்லை. நாற்காலிகளுக்குத் துணி போர்த்தியிருந்தது. அவர்கள் நடந்த சத்தம் அவர்களிடமே திரும்பி வந்தது. கடைசி அறையின் வாசலில் பிரபு நின்றார்.

"உள்ள போங்க."

"நீங்க?"

"மணப்பெண் மட்டும்தான் போகணும். வெளியில பூட்டிடணும். எங்க வீட்டு வழக்கம்."

"உங்க வழக்கத்தைத் தூக்கி உடைப்புல போடுங்க. சீக்கிரம் வாங்க, என்ன? எனக்கு இங்க வேற யாரைத் தெரியும்?"

பிரபு தலை குனிந்துகொண்டார்.

அவள் உள்ளே போனாள். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. சாவி திரும்பியது.

மூலையில் கட்டில் முனகியது. தலையணையிலிருந்து ஒரு நரைத்த தலை எழுந்தது.

"எனக்குப் பதிலா வந்தானே என் தம்பி, உறுதிமொழியை ஒழுங்காச் சொன்னானா?"