வெறும் கிரெட்டா

"நான் என்ன பாலர் வகுப்பு டீச்சரா? ஏன் இந்தப் பொண்ணு என்னை 'மிஸ் கிரெட்டா'ன்னே கூப்பிடறா?"

கிரெட்டா பொரிந்து தள்ளினாள். அவள் கணவன் நீல் ஸ்ட்ராபெரி கழுவுவதை நிறுத்தவில்லை.

"அலபாமாவுல அப்படித்தான்ம்மா. விடு."

ஹாட்டி, நீலுக்கும் அவனுடைய முதல் மனைவி லூஆனுக்கும் பிறந்தவள். எட்டு வயது. அலபாமாவில் அம்மாவோடு வளர்கிறவள், கோடை விடுமுறைக்கு முதல் தடவையாக வெர்மான்ட்டில் அப்பா வீட்டுக்கு வந்திருக்கிறாள். அந்தப் பக்கத்தில் பெரியவர்களுக்கு 'சார்', 'மேடம்' சேர்க்காமல் மொட்டையாக 'ஆமாம்' என்று பதில் சொல்கிற பிள்ளைக்கு அன்றைக்கு மண்டகப்படிதான்.

வெர்மான்ட்டில் எங்கள் ஊரிலோ பள்ளித் தலைமையாசிரியரையே பிள்ளைகள் 'டேவ்' என்றுதான் கூப்பிடும். அவரும் சந்தோஷமாகத் திரும்பிப் பார்ப்பார். இப்படிப்பட்ட ஊருக்குள் ஹாட்டி வந்து இறங்கினால் என்ன ஆகும்?

மளிகைக் கடையில் பில் போடுகிற பையன் மூக்கில் வளையம் மாட்டியவன். மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை. "பை வேணுமா?" என்று கேட்டான்.

"வேண்டாங்க சார்" என்றாள் ஹாட்டி.

அந்த சார் யாரென்று பையன் தன் முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தான்.

யோகா சொல்லித் தருகிற ஷிவோனுக்கு ஒரு "நன்றிங்க மேடம்" கிடைத்தது. அம்மணி மறுநாளே தலைக்குச் சாயம் அடித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. கிரெட்டாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இந்த விடுமுறை முடிவதற்குள் அந்தப் பிள்ளையின் மனதில் ஓரமாகவாவது ஓர் இடம் பிடித்துவிட வேண்டும் என்று அவள் தவியாய்த் தவித்துக்கொண்டிருந்தாள். பாவம், விமான நிலையத்தில் ஹாட்டி கையை நீட்டி, "எப்படி இருக்கீங்க, மிசஸ் விட்கோம்?" என்று குடும்பப் பெயரைச் சொல்லிக் கேட்டபோதே அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது. சில நாள் கழித்து அது 'மிஸ் கிரெட்டா' ஆனது. அதுவும் ஒரு வேலியாகத்தான் அவளுக்குத் தெரிந்தது.

"எல்லாம் அவ அம்மா வேலை. என்னை எட்டியே வைக்கச் சொல்லி அனுப்பியிருக்கா" என்றாள் நீலிடம்.

மறுநாள் காலை, தட்டில் பான்கேக் வைத்துவிட்டு நேரடியாகக் களத்தில் இறங்கினாள்.

"ஹாட்டி, இங்க எல்லாரும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவோம். எங்கே, சொல்லு பார்ப்போம். கிரெட்டா."

"முடியாதுங்க மேடம்."

"மேடமும் வேண்டாம்."

"சரிங்க மேடம்."

நீலுக்குக் காபி புரையேறியது.

"எனக்காக ஒரே ஒரு தடவை, கண்ணு."

ஹாட்டி கண்ணை இறுக மூடிக்கொண்டு மூச்சை இழுத்தாள். "கிரெ..." அவ்வளவுதான். கெட்ட வார்த்தை வந்துவிட்ட மாதிரி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அம்மாவுக்குத் தெரிஞ்சுடும்!"

"அம்மா ஆயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் இருக்காங்க."

"தெரிஞ்சுடும்ங்க மேடம். பக்கத்து ஊர்ல நான் ஒருத்தருக்கு 'ம்'னு பதில் சொன்னேன். நான் வீடு வந்து சேர்றதுக்குள்ள அவங்களுக்குத் தெரிஞ்சுடுச்சு."

தட்டைக் காலி செய்துவிட்டு அவள் கோழிகளோடு விளையாடக் கொல்லைக்கு ஓடிவிட்டாள். நீல் பின்னாலேயே போனான். அந்த நேரம் பார்த்து லூஆன் போன் செய்தாள். கிரெட்டாவே எடுத்தாள். இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டாள்.

"லூஆன், நேராவே கேக்கறேன். என்னைப் பிடிக்கலைன்னா என்கிட்டயே சொல்லுங்க. குழந்தை வாயால எதுக்கு என்னைத் தள்ளி வைக்கறீங்க?"

"நானா? நான் என்ன பண்ணேன்?"

"'மிஸ் கிரெட்டா'ன்னு கூப்பிடச் சொல்லிக் குடுத்திருக்கீங்களே!"



"நான் சொல்லிக் குடுத்தது 'மிசஸ் விட்கோம்'. ஆமா, வேணும்னேதான் சொல்லிக் குடுத்தேன். முன்னப்பின்ன தெரியாதவங்களை நாங்க அப்படித்தான் கூப்பிடுவோம்."

"அப்போ மிஸ் கிரெட்டா?"

"அது அவளா கேட்டது. அங்க வந்த மறுநாளே போன்ல, 'அம்மா, நான் மிஸ் கிரெட்டான்னு மாத்திக்கட்டுமா?'ன்னா. கூடாதுன்னேன். அடுத்த நாளும் கேட்டா. கூடவே கூடாதுன்னேன். அதுக்கு அடுத்த நாள் அழுதே புட்டா. சரின்னு விட்டுட்டேன்."

"அதுக்குப் போய் ஏன் அழணும்?"

"பேரோட மிஸ் சேர்த்து நாங்க எல்லாரையும் கூப்பிட்டுட மாட்டோம்மா. எங்க வீட்டு அடுப்படி வரைக்கும் உரிமையா வர்றவங்களுக்குத்தான் அது. இவ பொறந்தப்போ என் கையைப் பிடிச்சுக்கிட்டு நின்ன சிநேகிதி ஒருத்தி இருக்கா. இத்தனை நாளா இவ வாயால அந்த மிஸ் வாங்கினவ அவ ஒருத்திதான். இப்போ ரெண்டாவதா நீங்க. எனக்கு எவ்வளவு வயித்தெரிச்சலா இருக்கு தெரியுமா?"

கிரெட்டாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

கொல்லைக் கதவு படாரென்று திறந்தது. ஹாட்டி மூச்சு இரைக்க ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. பின்னால் நீல், பாடம் சொல்லிக் கொடுத்து ஜெயித்த பெருமையோடு நின்றான்.

"வந்துடுச்சு! எனக்கு வந்துடுச்சு! கோழிகிட்ட சொல்லிச் சொல்லிப் பழகிட்டேன்! கிரெட்டா! கிரெட்டா! கிரெட்டா!"

கிரெட்டா போனை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய் அவளை அள்ளிக்கொண்டாள்.

"ஐயோ, வேண்டாம்டி தங்கம்! என்னை மிஸ் கிரெட்டான்னே கூப்பிடு!"