அந்த ஜன்னலுக்கு ஒரு விலை

நான் லேசாகத்தான் இழுத்தேன். திரைச்சீலை, அதன் கம்பி, கம்பியைத் தாங்கிய சுவரில் ஒரு கைப்பிடி சிமெண்டு, மூன்றும் பேசிவைத்துக்கொண்டு என் தலையில் இறங்கின.

"வெளிச்சம் வருதான்னு பாருங்கன்னா, வீட்டையே பிரிச்சிட்டீங்களா?" என்று பல்லைக் கடித்தாள் மனைவி.

விலைக்கு வந்த வீட்டைப் பார்க்கப் போயிருந்தோம். "கதவு திறந்துதான் இருக்கு சார். உள்ள போய்ப் பாருங்க, பின்னாலேயே வந்துடறேன்" என்று வீட்டு ஏஜென்ட் போனில் சொல்லியிருந்தார். அவர் வரவில்லை. சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து ஒரு கணவனும் மனைவியும்தான் ஓடிவந்தார்கள்.

போச்சு, வீட்டுக்காரர்கள்! தலையில் முக்காடாக விழுந்த திரைச்சீலையோடு அப்படியே கைகூப்பினேன். "மன்னிச்சுக்குங்க சார். தொட்டதும் வந்துடுச்சு."

"அட, இதுக்குப் போய் மன்னிப்பா? எல்லா வீட்லயும் நடக்கிறதுதானே!" அவரே வந்து கம்பியின் மறுமுனையைப் பிடித்துத் தூக்கினார்.

கோபப்படாத வீட்டுக்காரரை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன். எங்கள் வாடகை வீட்டில் காலண்டர் மாட்ட ஓர் ஆணி அடிப்பதென்றாலும் மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டும்.

நாலு பேரும் சேர்ந்தே சுற்றினோம். தரை என்ன வழவழப்பு என்று அவர் மெச்சினார்; சுவர் என்ன கெட்டி என்று நான், கொஞ்சமும் வெட்கமில்லாமல், மெச்சினேன். "இது பாத்ரூம்" என்று அவர் ஜம்மென்று திறந்த கதவுக்குப் பின்னால் துணி அலமாரி இருந்தது. மனுஷர் திகைத்து நின்றார். பாவம், வீட்டை விற்கிற வேதனையில் கதவுகூட மறந்துபோகிறது என்று நானே அந்தக் கதவை மெதுவாகச் சாத்தினேன்.

சமையலறையில் ஒரு ஜன்னல். அகலமான ஜன்னல்; வெளியே ஒரு கொடி எட்டிப் பார்த்தது, வெயில் மேடைமேல் சோம்பலாகப் படுத்துக் கிடந்தது. என் மனைவி அதன் விளிம்பில் கையை வைத்தவள் எடுக்கவில்லை. அந்த அம்மாவும் வந்து பக்கத்தில் நின்றார்.

"இதை விட்டுட்டுப் போகவே மனசு வரலைங்க" என்றார். கண் தளும்பிவிட்டது.

"உங்க மனசு எனக்குப் புரியுதுக்கா" என்று என் மனைவி அவர் கையைப் பிடித்தாள்.

"உங்க மனசும் எனக்குப் புரியுதும்மா."

இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஆண்கள் நாங்கள் குழாயை வெகு உன்னிப்பாகப் பரிசோதித்தோம்.

நேரே ஏஜென்ட் அலுவலகத்துக்குப் போனோம். அந்த மனிதர் எந்தக் கேள்விக்கும் நேராகப் பதில் சொல்லி நான் பார்த்ததில்லை.

"அவங்க ஏன் சார் வீட்டை விக்கிறாங்க?"

"விக்கணும்னு தோணினா விக்கறதுதானே சார்."

"தண்ணி வருமா?"

"தண்ணியில்லாம யாராவது வீடு கட்டுவாங்களா?"

"எங்களைத் தவிர யாரும் கேட்டிருக்காங்களா?"

"நல்ல வீடுன்னா நாலு பேர் கேக்கத்தான் செய்வாங்க. வாயால சொல்றது செல்லாது சார். விலையை எழுதி, கையெழுத்துப் போட்டு, கவர்ல ஒட்டிக் குடுங்க."

எங்களால் மூச்சுப் பிடித்து எட்ட முடிந்த விலையை எழுதினேன். 'விழுந்த கம்பியை என் செலவில் மாட்டித் தருகிறேன்' என்று கீழே ஒரு வரியும் சேர்த்தேன். வீடு திரும்பும்வரை எங்கள் கால் தரையில் படவில்லை. சமையலறைக்கு மஞ்சளா, இளம்பச்சையா என்று நடுத்தெருவில் நின்று சண்டை போட்டோம். அந்த ஜன்னல் இல்லாத எந்த வீட்டையும் இனிமேல் ஏறெடுத்துப் பார்க்கப்போவதில்லை என்றாள் மனைவி.

சாப்பிட உட்கார்ந்தபோது சுருதி இறங்கிவிட்டது. "அந்தக்கா இனிமே எந்த ஜன்னல்கிட்டங்க போய் நிப்பாங்க?"

"எனக்கு எப்படிடி தெரியும்?"

"ஒருத்தங்க அழுதுட்டுப் போன வீட்ல, நான் எப்படிச் சிரிச்சிட்டே சமைப்பேன்?"

"நீ சமைக்கும்போது நான்தானே வழக்கமா அழுவேன்?"

அவள் சிரிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் சிரிப்பு வரவில்லை. அலமாரியைத் திறந்துவிட்டுத் திகைத்து நின்ற அந்த முகம் சோற்றுத் தட்டில் தெரிந்தது.

மறுநாள் காலை ஏஜென்ட்டின் மேஜைக்கு முன்னால் போய் நின்றோம். "கவரைத் திருப்பிக் குடுங்க சார். எங்களுக்கு வேண்டாம்."

ஏஜென்ட் முகம் வெளுத்துவிட்டது. "நீங்களுமா? ஏன் சார்?"

"அந்த வீட்டுக்காரம்மா ஜன்னலைப் பிடிச்சிட்டு அழுதாங்க. அவங்களைக் கிளப்பிட்டு நாங்க குடியேற மாட்டோம். அவங்களையே சந்தோஷமா இருக்கச் சொல்லுங்க." எங்களுக்கு யாராவது சிலை வைத்தால் மறுக்கக் கூடாது என்ற நினைப்பில் நிமிர்ந்து நின்றேன்.

அவர் இழுப்பறையிலிருந்து எங்கள் கவரை எடுத்தார். ஆனால் விடவில்லை. ஒரு முனை அவர் கையில், மறுமுனை என் கையில்.

"எந்த வீட்டுக்காரம்மா சார்? ஓனர் வெளிநாட்டுல இருக்கார். கல்யாணமே ஆகலை."

"அப்ப நேத்து உள்ள இருந்தாங்களே, அவங்க யாரு?"

முதல் தடவையாக என் கண்ணை நேராகப் பார்த்துப் பதில் சொன்னார்:

"உங்களுக்குப் போட்டியா விலை எழுதினவங்க சார். இப்பதான் வந்து, 'தலையில துணியைப் போட்டுக்கிட்டு நிக்கிற மனுஷன்கிட்டேருந்து வீட்டைப் பிடுங்க மாட்டோம்'னு கவரைத் திருப்பி வாங்கிட்டுப் போறாங்க!"