வீட்டுக்கு வராத பாஸ்

"மாப்ளே, உங்க டச்சு பாஸ் ஞாயித்துக்கிழமை நம்ம ஆத்துக்கு வருவார். கூடத்துல சம்மணம் கொட்டி ஒக்காந்து, இலையில ஓடற ரசத்தை வழிச்சு நக்குவார். இல்லேன்னா நான் ஹூக்ளியை நீந்தியே ஹவுரா போறேன்!"

ஸ்ரீனிவாசராகவன் ரிடையர் ஆனதிலிருந்து, கொல்கத்தா லேக் கார்டன்ஸில் தூறல் போட்டாலே ஊர் மூழ்கிவிட்டது என்பவர். ஆனாலும் மருமகன் நரேனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"விளையாடாதீங்கோ மாமா! வில்லெமுக்கு ஆபீஸ் வேற, வீடு வேற. கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிட்ட எங்க டீம் செல்வராஜுக்கு, 'நாம் நண்பர்கள் இல்லையே'ன்னு மெயில் போட்ட மனுஷன். நீங்க கூப்பிட்டது தெரிஞ்சா என் வேலை போச்சு."

"நான் எங்கே கூப்பிட்டேன்? தானா வருவார்."

உள்ளே மச்சினி ஹம்சினி களுக்கென்று சிரித்தாள். தினமும் காலையில் ரவீந்திர சரோபர் ஏரியில் படகு வலித்து, உள்ளங்கை காய்த்துப் போனவள்.

வெள்ளிக்கிழமை வில்லெம் நரேனை அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார்.

"திங்கள்கிழமையிலிருந்து நீங்கள் என் டீமில் இல்லை" என்றார் ஆங்கிலத்தில்.

"சார், நான் என்ன தப்பு பண்ணினேன்?"

"தப்பில்லை. காரணம் சொந்த விஷயம். ஆபீசில் பேசுவதற்கில்லை."

கை குலுக்கினார். கம்ப்யூட்டர் தட்டும் கைக்கு இத்தனை காய்ப்பு எதற்கு என்று யோசிக்கக்கூட நரேனுக்குத் தெம்பில்லை. கிழவர் போன் போட்டுத் தொலைத்திருக்கிறார்! அன்றிலிருந்து அவனுக்கு மோர் சாதம்கூட இறங்கவில்லை.

ஞாயிறு காலை வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தால், வேட்டியில் வில்லெம்! இடுப்பில் பெல்ட், கையில் பூங்கொத்து.

"சார்... எங்க மாமா தெரியாம கூப்பிட்டிருப்பார். அதுக்காக என்னை..."

"அவர் கூப்பிடவில்லை. நான்தான் வரலாமா என்று கேட்டேன். சொந்தக்காரருக்கு நான் பாஸாக இருக்க முடியாது, நரேன். அதனால்தான் உங்களை மாற்றினேன்."

"சொந்தக்காரரா?"

ஹம்சினி ஓடிவந்தாள். பூங்கொத்தை வாங்கிக்கொண்டு வில்லெமின் காதில் ஏதோ சொல்லிக்கொடுத்தாள். நிலைப்படி இடிக்கும் உயரத்திலிருந்து குனிந்து, அவர் கைகூப்பினார்.

"நமஸ்காரம், அத்திம்பேர்!"

கூடத்திலிருந்து மாமனார் குரல் கொடுத்தார். "என்ன மாப்ளே, ஒங்க பாஸ் வந்தாரா, நான் ஹூக்ளில குதிக்கணுமா?"

நரேன் கூடத்துப் பக்கம் திரும்பினான்.

"குதிக்க வேண்டாம் மாமா, வந்துட்டார்... என் சகலை!"