டி.வி. இல்லாத வீடு

டி.வி. வைத்திருக்க அரசுக்குக் கட்டவேண்டிய லைசென்ஸ் கட்டணத்தைக் கட்டாமல் டி.வி. பார்க்கும் தம்பதி, சோதனைக்கு ஆள் வந்ததும் டி.வி.யைத் தொட்டிலில் போட்டுத் தாலாட்டுகிறார்கள். டெரிக்கும் மனைவி ஹேசலும் நடித்த அந்தக் குட்டி நாடகத்துக்கு இங்கிலாந்தின் லீட்ஸ் நகர மதுக்கூடமே குலுங்கிச் சிரித்தது. கடைசி மேசைக் கோட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

"லைசென்ஸ் ஆபீஸ் ஆளேதான்!" திரைக்குப் பின்னால் ஹேசல் பதறினாள். "நம்ம வீட்டுக் கூத்தை மேடையேத்தாதேன்னு சொன்னேனே, கேட்டியா? கோர்ட்டுக்கு இழுக்கப் போறான்!"

கோட்டுக்காரர் நேரே உள்ளே வந்தார். "இது உங்க வீட்டுல நடந்ததா?"

டெரிக் முந்திக்கொண்டான். "சத்தியமா கற்பனை சார்! எங்க வீட்டுல டி.வி.யே கிடையாது."

"வெளியிலயாவது பார்ப்பீங்களா?"

"ஐயோ, டி.வி.ன்னாலே எனக்கு அருவருப்பு!"

அவர் தொப்பியை மாட்டிக்கொண்டார். "அடடா! இதையே வாராவாரம் தொடரா எழுதித் தரச் சொல்லிக் கேக்கத்தான் சேனல்லேர்ந்து வந்தேன்."