காலிப் பணியிடம்

"நாளையிலேருந்து நீங்க வர வேணாம் சார்."

ஆஷா தலை நிமிராமல்தான் சொன்னாள்.

எதிரே நின்ற அய்யாதுரைக்குச் சட்டெனப் புரியவில்லை. மந்தைவெளிப் பக்கம் வீடு வீடாகப் போய்விட்டு அப்போதுதான் மாடியேறி வந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"எதுனா தப்பாயிடுச்சாம்மா?"

"ரிட்டையர் ஆனவங்க கையில ஃபைல் இருக்கக் கூடாது. ரூல்ஸ்ல இடமில்ல."

பக்கத்து மேஜையில் டைப் அடித்துக்கொண்டிருந்த வசந்தியின் விரல்கள் நின்றன.

அந்த வார்டு அலுவலகத்தின் சமூக நலப் பிரிவில் சமூகப் பணியாளருக்கு மொத்தம் நான்கு பணியிடங்கள். ஒருவர் மாற்றலில் போனார். ஒருவரைத் தேர்தல் வேலைக்கு எடுத்துக்கொண்டவர்கள் திருப்பி அனுப்பவேயில்லை. மூன்றாமவர் அய்யாதுரை. பதினாலு மாதம் முன்பு ஓய்வு பெற்றார். மிச்சம் ஆஷா மட்டும். பட்டினப்பாக்கத்திலிருந்து மந்தைவெளி வரை, படுத்த படுக்கையாக இருப்பவர்கள், ஆளில்லாத முதியவர்கள், மாற்றுத் திறனாளிகள் என்று நூற்றுப் பத்து வீடு.

மாலை போட்டு அனுப்பிய மறுநாளே அய்யாதுரை திரும்பி வந்தார். "வீட்ல சும்மாதானே இருக்கேன்" என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். அன்றிலிருந்து வேளச்சேரியிலிருந்து தினமும் பஸ் பிடித்து வருகிறார். யாரும் கூப்பிடவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை.

இன்று தடுத்தாயிற்று.

"ஹாஜிரா பீக்கு வியாழக்கிழமை காலுக்குக் கட்டு மாத்தணும்மா. அவங்களால நடக்க முடியாது. கைத்தாங்கலா ஆட்டோல ஏத்தி..."

"நாங்க பாத்துக்கறோம்."

"நாங்கன்னா யாரும்மா?"

ஆஷா ஃபைல்களுக்காகக் கையை நீட்டினாள். அவர் ஃபைல்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கடைசி ஃபைலைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டுக் கொடுத்தார்.

"என்னால உனக்குத் தொந்தரவுன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாம்."

சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.

அன்று மதியம் வசந்தி ஆஷாவோடு சாப்பிட உட்காரவில்லை.

நாலைந்து நாளில் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மருந்து வாங்க ஆளில்லை, சக்கர நாற்காலி உடைந்து கிடக்கிறது, அப்பாவை நாலு நாளாக யாரும் வந்து பார்க்கவில்லை.

"அய்யாதுரை சார் எங்கே?"

"அவர் இனி வரமாட்டார். என்ன குறைன்னு எழுதிக் குடுங்க."

எழுதத் தெரியாதவர்களுக்கு வசந்தி எழுதினாள். பதிவு எண் போட்டு, தேதி முத்திரை குத்தினாள். ஆஷா ஒருவரையும் மனு எழுதாமல் விடவில்லை. மனுவை வாங்கி வைத்துவிட்டுத்தான் அவர்கள் வீட்டுக்குக் கிளம்பினாள். ஒரு நாளைக்கு நாலு வீடு, மிஞ்சினால் ஐந்து. அதற்கு மேல் ஒருத்தியால் முடியவில்லை.

மூன்றாவது வாரம் அக்பர் பாஷா வந்தார். ஹாஜிரா பீ வீட்டுக்கு எதிரே தையல் கடை வைத்திருப்பவர்.

"அந்தம்மா காலு மறுபடி வீங்கிக்கீது மேடம். போன வாரம் ஆஸ்பத்திரிக்கு யாரும் இட்னு போவல."

ஆஷா ஒரு நொடி கண்ணை மூடிக்கொண்டாள். போன வியாழக்கிழமை அவள் பட்டினப்பாக்கத்தில் இருந்தாள். வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"எழுதிக் குடுங்க பாய்."

"இன்னா மேடம், காலு வீங்கிக்கீதுன்றேன், பேப்பரை நீட்றீங்க?"

"ரெண்டு வரி போதும். அதுக்குள்ள நான் ஆட்டோ சொல்றேன்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே எழுதினார்.

அவரோடு போன ஆஷா மூன்று மணிக்குத் திரும்பினாள். புடவை ஓரத்தில் மஞ்சளாக மருந்துக் கறை. நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள்.

"சுத்தம் பண்ணிக் கட்டு போட்டுட்டாங்க. பயமில்லைன்னாங்க."

வசந்தியால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"அந்த மனுஷன் தானா வந்து செஞ்சுட்டிருந்தார் மேடம். அவரைத் துரத்திட்டு, வர்றவங்களையெல்லாம் மனு எழுத வைக்கறீங்க. எதுக்கு இதெல்லாம்?"

ஆஷா இழுப்பறையைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்து வைத்தாள். தலைமை அலுவலகத்திலிருந்து வந்தது. அய்யாதுரையை நிறுத்தியதற்கு முந்தின நாள் தேதி.

'மேற்படி வார்டில் கடந்த ஓராண்டாகப் பொதுமக்களிடமிருந்து புகார் ஏதும் பெறப்படவில்லை. எனவே, காலியாக உள்ள மூன்று சமூகப் பணியாளர் பணியிடங்களும் தேவையற்றவை எனக் கருதி நீக்கப்பட உள்ளன. ஆட்சேபம் இருப்பின் ஒரு மாதத்துக்குள் உரிய ஆதாரத்துடன் தெரிவிக்கவும்.'

வசந்தி இரண்டு முறை படித்தாள்.

"எழுபத்திரண்டு மனு சேர்ந்திருக்கு," என்றாள் ஆஷா. "எல்லாத்தையும் நகல் எடு. இன்னிக்கே பதில் போயிடணும்."

ஒன்றரை மாதம் கழித்து உத்தரவு வந்தது. மூன்றில் ஒன்று போய்விட்டது. இரண்டு தப்பித்தன. பிரபாகர் என்று ஒருவரும் ஜுவேரியா என்ற பெண்ணும் திங்கட்கிழமை வேலைக்குச் சேருவதாகப் போட்டிருந்தது.

ஆஷா இரண்டு காலி மேஜைகளையும் துடைத்துக்கொண்டிருந்தாள். வசந்தி பக்கத்தில் வந்து நின்றாள்.

"இப்பவாவது அய்யாதுரை சாருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுங்க மேடம். உங்களைப் பத்தி என்ன நினைச்சுட்டிருக்காரோ."

ஆஷா துணியை உதறி ஜன்னல் கம்பியில் போட்டாள்.

"என்னன்னு சொல்றது வசந்தி? வெயில்லயும் மழையிலயும் பதினாலு மாசம் நீங்க நடந்தீங்களே, அதனாலதான் இந்த இடத்தையே எடுக்கப் பாத்தாங்கன்னா? வேணாம். அவர் என்னையே திட்டிட்டிருக்கட்டும்."